வெல்ஃபேர் ஆபீசரின் அம்மா

மாலை மீட்டிங்கில் இருந்தவர்கள்: முதலாளி மகுடேஸ்வரன். மேனேஜர் வேலுமணி. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பெங்களூரிலிருந்து தொழிலாளர்களின் வேலை நேரத்தை ஆடிட் செய்ய வந்த அக்ஷரா. வெல்ஃபேர் ஆபீசர் வினிதா, எம்.எஸ்.டபிள்யூ. பேச்சு யாரைப் பற்றியதோ அவள் அந்த அறையில் இல்லை. கீழே செக்கிங் டேபிளில் நின்று, பனியன் பீஸில் ஓட்டை இருக்கிறதா என்று விளக்கொளியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் நல்லம்மாள். வினிதாவின் அம்மா.

வேலம்பாளையத்தில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு வினிதா வருவதற்கு முன்னால் ஒரு வருடத்துக்கும் மேலாக வேலை தேடினாள். கோவையில் ஒரு தொண்டு நிறுவனம் கொடுப்பதாகச் சொன்ன சம்பளம் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். ஆஸ்பத்திரியில் அனுபவம் கேட்டார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் அம்மாதான் முதலாளி அறை வாசலில் போய் நின்றாள். மகுடேஸ்வரன் சேர்த்துக்கொண்டார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். ஆடிட் பாஸானால் வேலை நிரந்தரம், மாதம் முப்பத்தெட்டாயிரம். ஆகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

வெல்ஃபேர் ஆபீசர் என்றால் தொழிலாளர் நலம் பார்ப்பவர். ஆடிட் நெருங்கிவிட்டால் அவருக்கு ஒரே வேலைதான்: தொழிலாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது. வினிதா ஒவ்வொரு தையல் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். வேலை எப்போது முடியும்? அஞ்சரைக்குங்க. ஓவர்டைம்? எப்பவாச்சும் ரெண்டு மணி நேரம்ங்க. நைட்? நைட்டே கெடையாதுங்க. கண்டெய்னர் ஏற்றும் வாரங்களில் நடுராத்திரிவரை மெஷின் ஓடுவது தெருவுக்கே தெரியும். பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது.

வீட்டில் அம்மாவையும் அவள் விடவில்லை. நல்லம்மாள் சோறு போட்டுக்கொண்டே ஒப்பித்தாள்.

"நைட்டே கெடையாதுங்க. சரிதானுங்களா மேடம்?"

"வெளையாடாதம்மா."

"பின்ன என்ன கண்ணு? பெத்தவளுக்கே பரீட்ச வெக்கற. பெயிலாக்கி உட்ராதே."

அக்ஷரா தனியாகக் கூப்பிட்டுப் பேசிய ஆட்களில் நல்லம்மாளும் ஒருத்தி. அந்த நேரத்தில் ஆபீஸ் ஆட்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேசி முடித்து வந்த அம்மா, தண்ணீர்க் குழாய் அருகே மகளைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"தங்கமான புள்ள சாமி அது. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே அத்தனைக்கும் சொல்லீட்டன். அப்பறம் நோட்டீஸ் போர்டுல உன்ற போட்டாவக் காட்டி, இந்த மேடத்தத் தெரியுமாம்மான்னு கேட்டுச்சு. என்ற புள்ளைங்கன்னேன்."

"அப்பறம்?"

"தனியாளா எப்படிம்மா இத்தனை படிக்க வெச்சீங்கன்னுச்சு. ரெண்டு வருசம் இதே டேபிள்ல ராத்திரி பன்னண்டு வரைக்கும் நின்னு படிக்க வெச்சனுங்கன்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்குக் கண்ணே கலங்கிப் போச்சு."

யாராவது கேட்டுவிட்டார்களா என்று வினிதா சுற்றிலும் பார்த்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை நேரத்தைக் கேட்டால் பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மகளைப் பற்றிக் கேட்டாலும் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அந்தக் கேள்விக்கு வினிதாவும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நல்லம்மாள் அதோடு நிற்கவில்லை. ஆடிட்டர் கண் கலங்கியதைச் செக்கிங் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். அது வேலுமணியின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

மீட்டிங்கில் அக்ஷரா பெயர் எதையும் சொல்லவில்லை. "நள்ளிரவு வரைக்கும் வேலை பார்த்ததா ஒருத்தர் சொல்றார். உங்க ரெக்கார்டுல அப்படி யாருமே இல்ல. எது உண்மை?"

வேலுமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாருன்னு எங்களுக்குத் தெரியுங்க மேடம். இவங்களோட அம்மாதானுங்க. இவங்களையே கேட்டுக்குங்க."

மூன்று பேரும் வினிதாவைப் பார்த்தார்கள். மகுடேஸ்வரன் முறைக்கவில்லை, மிரட்டவில்லை. முந்திரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்க கண்ணு" என்றார்.

"அம்மா அப்படித்தான் மேடம்," என்றாள் வினிதா. "பெருமைக்கு எதையாவது சொல்லுவாங்க. நைட் வேலைக்கு அவங்க வந்ததே இல்ல. நான் ஸ்காலர்ஷிப்ல படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அக்ஷரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெற்ற மகளே மறுக்கும்போது எதை வைத்து எழுதுவது? லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அவளுடைய கார் போனதும் மகுடேஸ்வரன் நன்றாகவே சிரித்தார். "பொழைச்சுக்குவ கண்ணு. நாளைக்கே பர்மனெண்ட் ஆர்டர் அடிச்சுக் குடுத்தர்றன். அம்மா இனி எதுக்கு வேலைக்கு வரோணும்? நீதான் சம்பாரிக்கறயே. ஊட்ல இருக்கட்டும். அடுத்த ஆடிட்லயும் எவளாச்சும் பாசமாக் கேட்டா வம்பாப் போயிரும். இப்பவே கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வந்துரு. நாங்க சொன்னா நல்லாருக்காது பாரு."

"சரிங்க சார்."

வினிதா கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள். தான் சொன்னதுதான் வினையாகிவிட்டது என்று நல்லம்மாளுக்குப் புரிந்தது. கையிலிருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். பெரிய கேட்டில் இருக்கும் சின்னக் கதவுவரை இருவரும் நடந்தார்கள். அங்கே வந்ததும் நல்லம்மாள் கேட்டாள்.

"பர்மனெண்ட் ஆயிருச்சா?"

"ஆயிருச்சும்மா."

"நாஞ் சொன்னத என்னன்னு சொல்லிச் சரிக்கட்டுன?"

"ஸ்காலர்ஷிப்ல படிச்சேன்னு."

நல்லம்மாள் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"யாரு குடுத்தாங்கன்னு கேக்கலயா அந்தப் புள்ள?"

"கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லீருப்ப?"

வினிதா அடையாள அட்டையைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். "ஊட்டுக்கு வந்து பேசறம்மா," என்றாள்.

"அங்க எதுக்கு? இங்க சொன்னதுதான கணக்கு."

வாட்ச்மேன் முனீஸ் கதவைத் திறந்தார். அவர் ராமநாதபுரத்துக்காரர். "என்னக்கா, ஷிப்டு முடியலயே, அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீக?"

 நல்லம்மாள் குனிந்து, கதவின் இரும்புப் படியைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. முனீஸ் ஒன்றும் புரியாமல் வினிதாவைப் பார்த்தார்.

"பூட்டிருங்கண்ணே," என்றாள் அவள்.

அவர் கதவைச் சாத்திப் பூட்டினார்.