ஒரு மணி நேர வேலை

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சிவப்புப் பென்சில். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்தப் பட்டியலையும் அவர் இரண்டு முறை படிப்பார். இரண்டாம் முறை கீழிருந்து மேலாகப் படிப்பார். ஐயம் எழுந்த இடத்தில் சிறிய வட்டம் இடுவார். படிவங்கள் கணினிக்குள் குடியேறிய பின்னரும் அப்பென்சிலை அவர் விடவில்லை.

அன்று காலை, வேலையின்மைப் பட்டியல் அவருடைய கையொப்பத்துக்காக அச்சாகி வந்தது. தொழிற்சாலைகளில் தானியங்கி இயந்திரங்களை நிறுவ அரசு மானியம் அளித்து ஓராண்டு ஆகியிருந்தது. வேலையற்றோர் நூற்றுக்கு ஐவருக்கும் கீழே குறைந்தால், வேலையிழந்தோருக்கு வேறு தொழில் கற்றுத்தரும் ஊரின் மறுபயிற்சி மையம் மூடப்படும் என்பது விதி. சென்ற முறை ஒன்பதாக இருந்த கணக்கு, இம்முறை நான்காக இறங்கியிருந்தது.

கீழிருந்து படித்து வந்தவரின் விரல் ஒரு வீட்டு எண்ணில் நின்றது. தம்பியின் வீடு. பதினான்கு ஆண்டுகள் கண்ணாடிப் புட்டிகளை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்தவன் அவன். அவ்வேலையை இப்போது ஒரு கேமரா செய்கிறது. பட்டியலோ அவனைப் 'பணியில் உள்ளவர்' என்றது.

உடனே தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், நீ எப்ப வேலைக்குப் போக ஆரம்பிச்ச?"

"காலங்காத்தால கிண்டலாக்கா? வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"பொருள் கொண்டுபோய்க் குடுக்கிறதா இங்க எழுதியிருக்கு."

"ஓ, அதுவா. மையத்துல எல்லார் போன்லயும் ஒரு செயலிய ஏத்திவிட்டாங்க. வண்டி ஏது எனக்கு? போன மாசம் ஒரே ஒரு பொட்டலத்த நடந்தே கொண்டுபோனேன். நான் போறதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போச்சு. அத்தோட சரி." பிறகு அவனே கேட்டான்: "மையத்த மூடப்போறாங்களாமே, உண்மையா? இன்னும் ரெண்டு மாசம் விட்டா, என் வேலையப் பறிச்ச அந்தக் கேமராவையே பழுது பாக்கக் கத்துக்குவேன்."

அவர் தொலைபேசியை வைத்தார். தம்பிக்குப் பரிந்ததாக ஆகிவிடக் கூடாதென்று அவ்வரியை ஒதுக்கிவிட்டு, மற்றவர்களின் மூலப் படிவங்களை எடுத்துப் பார்த்தார். சென்ற ஏழு நாளில் செய்த வேலை எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு, அந்தச் செயலி இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பூஜ்ஜியம் என்றே சொல்லியிருந்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கணினி அதனை ஒன்று என மாற்றியிருந்தது.

பட்டியலோடு இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார்.

"ஏழு நாள்ல ஒரு மணி நேரம் செஞ்சாலே வேலையில இருக்கிறவர்தான் மேடம். வரையறை உங்களுக்குத் தெரியாததா?"

"வரையறையோட எனக்கு என்ன சண்டை சார்? இவங்க அந்த ஒரு மணி நேரங்கூடச் செய்யலியே."

"கணினி பொய் சொல்லுமா?"

"சொல்லச் சொன்னாச் சொல்லும். யார் சொல்லச் சொன்னது?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேலிடத்து உத்தரவு. மானியம் குடுத்ததால வேலை போச்சுன்னு நாமளே எழுதி நீட்டணுமா? ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். எதுக்கு வீண் வம்பு?"

முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை ஒரே சொடுக்கில் துடைத்தெறிந்தவர்கள், தன் வாயையும் ஓய்வூதியத்தைக் காட்டி அடைக்கப் பார்க்கிறார்களே என்று அவருக்குள் கொதித்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை. கையொப்பத்துக்கென விட்டிருந்த வெற்றிடத்தில் சிவப்பு வட்டம் ஒன்றை இட்டு, பட்டியலை மேசைமேல் வைத்தார்.

"நான் இதுல கையெழுத்துப் போடல சார். ஏன் போடலன்னு எழுத்துல குடுத்துடுறேன்."