ஜப்பான் ஹீட்டரும் அத்திப்பள்ளி சம்பந்தியும்

சின்னராஜ் அந்த ஹீட்டரைத் திட்டிய திட்டில் பாதியை அச்சில் போட முடியாது. மீதிப் பாதி அதைச் செய்த ஜப்பான்காரனின் அம்மாவைப் பற்றியது என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

விஷயம் இதுதான். மகள் ரேவதி பிரசவத்துக்கு பாகலூருக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் முடிந்துதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு. ஆனால் மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக ரேவதியின் மாமியார் கெம்பம்மா அத்திப்பள்ளியிலிருந்து போன் போட்டுவிட்டாள்.

"பீகரே, உங்க வீடு ஐஸ் பெட்டி. என் பேத்திக்கு சளி புடிச்சா யாரு பாக்கறது? ஞாயித்துக்கெழம கார் எடுத்துக்கினு வரேன்."

பீகர் என்றால் கன்னடத்தில் சம்பந்தி. மரியாதையான சொல்தான். கெம்பம்மா வாயில் வரும்போது மட்டும் வசவு மாதிரி இருக்கும்.

சின்னராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கூட்ல ஜப்பான் ஹீட்டர் இருக்குதும்மா! வந்து பாருங்க. ரூம்பு கதகதன்னு இல்லன்னா நீங்களே கூட்டிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டார். மனுஷனுக்கு எல்லாம் கொடுத்த கடவுள் வாய்க்கு ஒரு ஆஃப் சுவிட்ச் கொடுக்கவில்லை, என்ன செய்வது?

ஹீட்டர் இருந்தது உண்மை. அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான் இஞ்சினியர் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். விவரமானவர்கள் சோபாவையும் வாஷிங் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னராஜ் மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். "இதுல தோச சுடலாமா?" என்று கேட்டாள் அவர் மனைவி முனிலட்சுமி. முடியாது என்றதும் அதை மதிப்பதையே விட்டுவிட்டாள்.

அது சனிக்கிழமை வரை ஒழுங்காகத்தான் எரிந்தது. பட்டனை அமுக்கினால் பேட்டரியில் பொறி தட்டி, திரி பிடித்து, அறை சுடச்சுட ஆகிவிடும். ஞாயிறு காலை பார்த்து மக்கர் பண்ணியது. பற்றிக்கொள்ளும், கொஞ்ச நேரம் எரியும், சுவாலை மஞ்சளாகி 'டக்' என்று அணையும். ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணடிக்கும்.

"ஏம்ப்பா, அங்க போனா பத்து பேருக்குக் களி கிண்டணும். இங்கதான் நாலு மணி நேரமாவது தூங்கறேன்" என்றாள் ரேவதி, கட்டிலில் குழந்தையை அணைத்தபடி. முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாளாகவே தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முனிலட்சுமி அதற்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தாள். சின்னராஜ் அதற்கு மேலே போனார். குளிர்தான் தலையில் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி, சனிக்கிழமை ராத்திரியே கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோலை அளவாக அறுத்து, வென்டிலேட்டரையும் ஜன்னல் இடுக்குகளையும் அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினார். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் பழைய ஜமுக்காளம். கொசு நுழைய வழியில்லாத வேலை. அவருக்கே பெருமையாக இருந்தது.

மகளை அனுப்ப அவருக்கு மனசே இல்லை. குழந்தை இப்போதுதான் அவர் மீசையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. இந்த நேரத்தில் இந்தச் சனியன் எரியாமல் மானத்தை வாங்குகிறது.

எண்ணெய் பார்த்தார், நிறைய இருந்தது. தண்ணீர் கலந்திருக்குமோ என்று வேட்டித் துணியில் வடிகட்டினார். வேட்டி நாறியதுதான் மிச்சம். திரியைத் துடைத்தார். டி.வி. ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் இருந்த பேட்டரிகளைப் பிடுங்கி மாற்றினார். கடைசியில் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வாசலில் வைத்து அமுக்கியதும் நீலமாக ஜம்மென்று எரிந்தது. தெருவில் போன நாய் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

ஆற வைத்து உள்ளே கொண்டுபோனார். அணைந்தது. மறுபடி வாசல், எரிந்தது. மறுபடி அறை, 'டக்'.

"நாய்க்கு எரியுவ, எம்பொண்ணுக்கு எரிய மாட்டியாடா?" என்று சின்னராஜ் அதை உதைத்தார். கால் கட்டைவிரல் வீங்கியது.

"கண்ணு பட்டுருச்சுங்க" என்று முனிலட்சுமி மிளகாயும் உப்பும் எடுத்துவந்து ஹீட்டருக்குச் சுற்றிப்போட்டாள். அதற்கும் அது மசியவில்லை.

சின்னராஜ் போனை எடுத்து, கம்பெனி எலக்ட்ரீஷியன் சுரேந்தருக்கு வீடியோ கால் போட்டார். சுரேந்தர் சிவப்பு விளக்கைப் பார்த்தான், பின்பக்க மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தான், கொட்டாவி விட்டான்.

"ணா, அது சென்சார் ட்ரிப்பு. எண்ணெய் திரி எல்லாம் ஓகே. அந்த ரெண்டு ஒயரு தெரியுதா? நம்ம பிரஸ்ல பண்றோம்ல, அதே கதைதான். குறுக்க ஒரு துண்டு போட்டு பைபாஸ் பண்ணிரு. செத்தாலும் அணையாது."

சின்னராஜுக்கு உயிர் வந்தது. இது தெரிந்த வேலை. பிரஸ் மெஷினுக்குள் கை இருந்தால் மெஷின் ஓடாமல் நிறுத்த ஒரு சென்சார் உண்டு. டார்கெட் நெருக்கும்போது ஒயர்த் துண்டைப் போட்டு அதை ஏமாற்றிவிடுவார்கள். அப்படி எவனோ ஏமாற்றி வைத்த மெஷினில்தான் அவருடைய இடது ஆள்காட்டி விரல் பாதியாகப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

அறையில் ஹீட்டருக்கு முன்னால் குந்தி, ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது.

கெம்பம்மா நேராக அறைக்குள் வந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள், மூக்கைச் சுளித்து இருமினாள்.

"அய்யோ தேவரே! ஏனு இது? மாங்கா பழுக்க வெக்கற ரூமா? மனுசர் இருக்கற ரூமா?"

"குளிரு வரக்கூடாதுன்னு அடச்சிருக்குதும்மா" என்றார் சின்னராஜ், வாயில் ஒயரோடு.

"குளிரு வரலை. காத்து வருதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டில் மேல் ஏறி நின்று, அவர் அளவெடுத்து அறுத்த தெர்மாகோலை ஒரே இழுப்பில் பிய்த்துப் போட்டாள். அடுத்த இழுப்பில் ஜன்னல் டேப். சின்னராஜுக்குத் தோலை உரித்த மாதிரி இருந்தது.

"புள்ளைக்குச் சளி புடிச்சா நீங்கதான் பொறுப்பு!" என்று கத்தினார்.

"சரி, நானே பொறுப்பு. உன் ஜப்பான பத்த வை பாக்கலாம்."

அவள் தோற்பதைப் பார்க்கும் ஆசையில் சின்னராஜ் பட்டனை அமுக்கினார். ஒயரை இன்னும் மாட்டவில்லை. திரி பிடித்தது. சுவாலை நீலமாக நின்றது. முனிலட்சுமி காபி கொண்டுவந்தாள், கெம்பம்மா ஊதி ஊதிக் குடித்து முடித்தாள், டம்ளரைக் கழுவியும் ஆயிற்று. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. சிவப்பு விளக்கு எட்டிப்பார்க்கவே இல்லை.

"அதுக்கு மூச்சு முட்டிச்சு, நின்னுருச்சு. உன்னவிட அதுக்கு புத்தி ஜாஸ்தி, பீகரே" என்றாள் கெம்பம்மா.

ரேவதி எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பி இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் அப்பாவின் கையில் இருந்ததைக் கவனித்தாள்.

"அது என்னப்பா ஒயரு?"

"சும்மா..."

"பைபாஸா?"

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். சின்னப் பெண்ணாக இருந்தபோது, கட்டுப்போட்ட கையோடு கிடந்த அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள். அவரது பாதி விரலைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

சின்னராஜ் தன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். கெம்பம்மா அத்திப்பள்ளி சிக்னலில் இன்னும் கொஞ்ச நேரம் மாட்டியிருந்தால் அந்த ஒயர் உள்ளே போயிருக்கும். கதவைச் சாத்தி, ஜமுக்காளத்தைச் சொருகி, "தூங்குமா, இனி அணையாது" என்று மகளுக்குச் சொல்லிவிட்டுக் கூடத்தில் போய்க் காலை நீட்டியிருப்பார். காலையிலிருந்து அந்த மெஷின், உள்ளே காற்று கெட்டுவிட்டது, வேண்டாம் வேண்டாம் என்று அணைந்து அணைந்து சொன்னது. அவர் அதை உதைத்தார்.

"சொல்லுங்கம்மா. கூட்டிக்கினு போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கெம்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பந்தயம்னா பந்தயம். ரூம்பு கதகதன்னுதான் இருக்குது. ரேவதி மூணு மாசம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டிரைவரே, என் பேக்க எறக்கு! இவங்கள நம்பி உட்டுட்டுப் போனா மறுபடி ரூம்ப அடச்சுப் பொட்டலம் கட்டிடுவாங்க. நானும் இருக்கேன்."

முனிலட்சுமி சமையலறைக்குள் சின்னராஜைத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏங்க, இந்தம்மாவ பைபாஸ் பண்றதுக்கு ஒயரு இருக்குதான்னு சுரேந்தரக் கேளுங்க."

சின்னராஜ் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஒயரைக் குப்பைக் கூடையில் போட்டார். அறைக்குத் திரும்பிப் போய், காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஜன்னல் கொக்கியை மாட்டினார். மாட்டியதை இழுத்துப் பார்த்தார். பிறகு பெரிய மூட்டை மாதிரி இருந்த கெம்பம்மாவின் பேக்கைத் தூக்கிவர வாசலுக்குப் போனார்.