செவ்வாய் காலை எட்டு மணிக்குள்

அந்த அறிவித்தலை எழுதியவர் எட்வேட்தான். நொர்வேயில், ஸ்டோவ்னர் என்ற இடத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பாளராகப் பதினொரு வருடம் வேலை செய்தும், ஒரு கடதாசியின் அடியில் தன் பெயரைப் போடும் பாக்கியம் அவருக்கு வாய்த்ததில்லை. எல்லாவற்றையும் குடியிருப்புச் சங்கத் தலைவி துரீட்தான் எழுதுவார். 2005 மாசியில் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்ற ஆட்கள் வரவிருந்த நேரம் பார்த்துத் துரீட்டுக்குக் காய்ச்சல். "நீயே எழுதி ஒட்டிவிடு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளி பின்னேரம் முழுக்க இருந்து எழுதினார். செவ்வாய் காலை எட்டு மணிக்குள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். திறப்பைக் கதவில் விட்டுச் செல்ல வேண்டும். வீடு கூட்டித் துப்புரவாக இருக்க வேண்டும். தயவுசெய்து, நன்றி போன்றவற்றுக்கு அவருடைய நொர்வேஜிய மொழியில் இடம் போதாது. மனைவி மரியகொறற்றி வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"என்னப்பா, ஆமிக்காரன் எழுதின மாதிரிக் கிடக்கு."

"அறிவித்தல் எண்டால் சுருக்கமாத்தான் இருக்கும். உனக்கு உதுகள் விளங்காது."

செவ்வாய்க்கிழமை எட்டு இருபதுக்கு ஐந்தாம் மாடியில் நின்றபோது அவருக்கு விளங்கத் தொடங்கியது. தனியே வசிக்கும் ஹலினா மட்டும் வெளியே வரவில்லை; அவருடைய கதவுப் பூட்டைத் தன் பொதுத் திறப்பால் திறந்தார். கதவு நான்கு விரல் அசைந்து நின்றுவிட்டது. உட்பக்கம் அலுமாரி முட்டுக்கொடுத்திருந்தது. இடுக்கால் பார்த்தால் கூடம், அதற்கப்பால் திறந்து கிடந்த பல்கனிக் கதவு, அதற்கப்பால் பனி. எழுபத்தெட்டு வயது ஹலினா குளிர்ச் சட்டையும் தொப்பியும் போட்டு, காலடியில் சின்னப் பெட்டியோடு, பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ளை ஆரும் வந்தால் நான் கீழை போயிடுவன்" என்றார். சத்தம் போடவில்லை. மின்தூக்கி வேலை செய்யவில்லை என்று முறையிடும் அதே குரல்.

ஹலினா போலந்துக்காரி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஒரு நொர்வேஜியக் கப்பல்காரரைக் கட்டி இங்கே வந்தவர். கப்பல்காரர் செத்து ஆறு வருடம். பேசியது நொர்வேஜிய மொழிதான் என்றாலும் எட்வேட்டின் தலைக்குள் அது அவருடைய ஊரான மயிலிட்டியின் தமிழாகத்தான் விழும்.

காய்ச்சலோடு மேலே வந்த துரீட், பொலிசுக்குச் சொல்லியாயிற்று, பதினைந்து நிமிடத்தில் வந்து கதவை உடைப்பார்கள் என்றார். கதவை உடைத்தால் என்ன நடக்கும் என்று எட்வேட்டுக்குத் தெரியும். துரீட்டுக்கு அது எப்படித் தெரியும், பாவம், அவருடைய கதவை யாரும் உடைத்ததில்லையே.

குழாய் வேலைக்காரரில் மாரெக் என்பவன் போலந்துக்காரன், நாற்பது வயது. அவனைக் கூப்பிட்டுக் கதைக்க விட்டது எட்வேட்டின் இரண்டாவது பிழை. மாரெக் தன் மொழியில் இரண்டு வசனம் நல்லபடியாகத்தான் சொன்னான். ஹலினா பெட்டியை மிதித்து, கம்பிக்கு மேலால் ஒரு காலைத் தூக்கினார்.

"அண்டைக்கும் முதல் எங்கட பாஷையிலைதான் கூப்பிட்டவை" என்றார் நொர்வேஜிய மொழியில். "பக்கத்து வீட்டு மனுசன். ஜெர்மன்காரர் அவருக்குப் பின்னாலை நிண்டவை."

எட்வேட் மாரெக்கைச் சட்டையில் பிடித்து இழுத்துப் படிப்பக்கம் தள்ளினார். ஊரில் ஆமி சுற்றிவளைத்தபோது, சாக்கு முகமூடிக்குள்ளிருந்து தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்தவனும் ஊர்க்காரன்தானே. இதை நான் யோசித்திருக்க வேண்டுமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கதவிடுக்கோடு தரையில் குந்தினார்.

"ஹலினா, அது எந்த வருசம்?"

ஹலினா கம்பியில் பிடித்த பிடி விடாமலே சொன்னார்.

"முப்பத்தொன்பது. மார்கழி. பொஸ்னானிலை. எனக்குப் பன்ரண்டு வயசு. இருபது நிமிசம் தந்தவை. திறப்புகளைக் கதவிலை விட்டிட்டு, வீட்டைக் கூட்டிப்போட்டுப் போகச் சொன்னவை. அம்மா கூட்டினவ. மாடு ஏத்திற ரயில் பெட்டியிலை ஏத்தினவை. தங்கச்சி குளிரிலை ரயிலிலையே செத்துப்போனாள்."

எட்வேட் தன் கையால், தன் பெயர் போட்டு, அதே மூன்று கட்டளைகளை அந்த மனுசியின் கதவில் ஒட்டியிருக்கிறார். நான்கு நாள் அந்தக் கடதாசியோடு அவர் தனியே இருந்திருக்கிறார்.

"அந்தக் கடதாசி நான் எழுதினது. குழாய் மாத்த மட்டுந்தான். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வரலாம். அதை எழுத மறந்துபோனன்."

"திரும்பி வரலாம் எண்டுதான் அவையும் சொன்னவை."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை." சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. "தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம். ரெண்டு நாளிலை திரும்பலாம் எண்டு வெளிக்கிட்டனாங்கள். பதினைஞ்சு வருசமாச்சு. எங்கட வீட்டிலை இப்ப ஆமிக்காரர் இருக்கினம்."

தூக்கிய கால் மெல்லக் கீழே வந்தது.

"உங்கட கட்டிலிலையே படுக்கினம்?"

"ஓம். அப்பிடித்தான் இருக்கும்."

"உங்களுக்கு இஞ்சை சொந்த வீடு இருக்கோ?"

"இல்லை. பக்கத்திலை, ரொம்மனிலை வாடகை வீடு."

"எத்தினை பிள்ளையள்?"

"மூண்டு."

ஹலினா பல்கனியிலிருந்து உள்ளே வந்தார். பல்கனிக் கதவை ஒழுங்காகச் சாத்தினார். எட்வேட்டுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு ஹலினா இடுக்கின் பார்வைக்கு அப்பால் போய்விட்டார். உள்ளே என்ன செய்கிறார் என்று தெரியவில்லை.

மின்தூக்கி திறந்து இரண்டு பொலிசார் வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. எட்வேட் எழுந்து முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் சீருடையைக் கண்டால் தானாகத் தலை குனிகிற மனிதர் அவர்.

"ரெண்டு நிமிசம் தாங்கோ."

"தள்ளி நில்லுங்கள்."

"தள்ளி நிக்கமாட்டன். என்னைப் பிடிக்கிறதெண்டால் பிடியுங்கோ."

அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சரக், சரக் என்று சீராக. எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். தும்புத்தடி தரையில் இழுபடும் சத்தம். ஹலினா கூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அறையாக, மூலை விடாமல். கடப்பாரைக்காரர் துரீட்டைப் பார்த்தார், துரீட் எட்வேட்டைப் பார்த்தார். எட்வேட்டுக்கும் விளங்கவில்லை. உயிரோடு நிற்கிறார், அது போதும் என்றிருந்தது.

கடைசியில் அலுமாரி உராய்ந்து நகர்ந்தது. கதவு முழுதாகத் திறந்தது. ஹலினா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பொலிசாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே எட்வேட்டிடம் வந்தார்.

"சின்ன அறையிலை ரெண்டு பிள்ளையள் படுக்கலாம். யன்னலாலை காத்து வரும், துணி அடைச்சு விட்டிருக்கிறன். கட்டிலுக்குப் புதுச் சீலை விரிச்சிருக்கு."

எட்வேட்டுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் ஓடியது.

"ஐயோ இல்லை, ஹலினா. இது உங்கட வீடு. நான் குடிவர வரேல்லை."

"பொஸ்னானிலை எங்கட வீட்டை ஆருக்குக் குடுத்தவை தெரியுமோ? அவையும் எங்கையோ வீட்டை விட்டிட்டு வந்த ஆக்கள்தான். அதைப் பிறகுதான் அறிஞ்சன்." அவர் எட்வேட்டின் கையைத் தட்டிக்கொடுத்தார். "அவையிலை எனக்குக் கோபமில்லை. உங்களிலையும் இல்லை."

மயிலிட்டியில் தன் கட்டிலில் படுத்திருப்பவனைக் காணும் நாளில் திட்டுவதற்கென்று எட்வேட் பதினைந்து வருடமாக வசவுகள் சேர்த்து வைத்திருந்தார். தூசணமும் அதில் உண்டு. இந்த மனுசியோ யன்னலில் காற்று வரும் என்கிறார்.

எட்வேட் அவரிடமிருந்து பெட்டியை வாங்கினார். "வாங்கோ, உள்ளை போவம்" என்றார். தேத்தண்ணி போடுவோம், குழாயை இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். துரீட் வேலைக்காரரைக் கீழே அனுப்பினார். பொலிசாரும் போனார்கள்.

ஹலினா தன் வீட்டு வாசலுக்கு வெளியே, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

"நீங்கள் முதல் போங்கோ" என்றார். "நீங்கள் கூப்பிட்டால் வாறன்."