பதினான்காம் பிரிவை எதிர்த்து ஒரு போராட்டம்

உறுப்பினர் மேடையேறியதும் முதல் வேலையாக மைக்கைத் தட்டினார். மைக் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இருந்தாலும் தட்டினார். மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மைக்கைத் தட்டாமல் பேச ஆரம்பித்தால் பார்ப்பவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நூலகத்தின் மாடி அறை. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சட்டமன்றத்தில் என்னென்ன மசோதா வந்திருக்கிறது, குழுக்களில் என்ன நடக்கிறது என்று உறுப்பினர் தன் தொகுதி மக்களுக்குச் சொல்வது வழக்கம். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பவர் அவருடைய உதவியாளர். ஊரில் அவருக்கு ‘நகல்’ என்று பெயர். போன மாத அறிக்கையை எடுப்பார், தேதியை மாற்றுவார், ‘தீவிரமாக’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் கூடுதலாகச் செருகுவார். இந்த மாத அறிக்கை தயார்.

“குடிநீர் வாரியத் திருத்த மசோதாவைத் தீவிரமாகப் பரிசீலித்து வருகிறோம்” என்று வாசித்தார் உறுப்பினர். “கட்டட அனுமதி மசோதாவைத் தீவிரமாகக் கவனித்து வருகிறோம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் மசோதா தெரிவுக் குழுவில் இருக்கிறது. அதன் பதினான்காம் பிரிவை எதிர்த்து நான் இறுதி மூச்சு வரை தீவிரமாகப் போராடி வருகிறேன்.”

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கிளட்ச் அக்காவின் கை.

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கிளட்ச் அக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள். “கிளட்ச்! கிளட்ச்!” என்று அவர் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். படித்தது எட்டாம் வகுப்பு. பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர்களுக்கு இனிமேல் பயிற்சியாளர் உரிமம் கிடையாது என்பதுதான் பதினான்காம் பிரிவு. அக்காவின் உரிமத்தை இன்னும் இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும்.

“தம்பி, ஒரு சந்தேகம்” என்றார்.

“கேளுங்க அக்கா.”

“போராடுறீங்க, சரி. எங்க வச்சு?”

மின்விசிறிக்காக வந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“குழுவுலதான் அக்கா.”

“கடைசியா குழு எப்பக் கூடுச்சு?”

உறுப்பினர் நகலைப் பார்த்தார். நகல் கூரையைப் பார்த்தார்.

“அஞ்சு மாசமா இதே வரியத்தான் வாசிக்கிறீங்க. மூச்சும் முடியல, போராட்டமும் முடியல. அதான் நேத்து நானே குழு ஆபீசுக்குப் போன் போட்டேன். நாலு தடவ கூடியிருக்காங்க. நீங்க முதல் தடவ மட்டும் போனீங்களாம். மனு கொடுக்கக் கடைசித் தேதி போன மாசமே முடிஞ்சுபோச்சு. நீங்கதான் போராடுறீங்களேன்னு நான் மனுவே கொடுக்கல. இன்னைக்கு ரெண்டு மணிக்குக் கடைசி அமர்வு. ஒவ்வொரு பிரிவா வாசிப்பாங்களாம். யாரும் எழுந்து பேசலைன்னா அது அப்படியே நிறைவேறிடுமாம்.”

“இன்னைக்கா? பன்னெண்டு மணிக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைத் திறப்பு விழா இருக்கே அக்கா...”

“அதை நாளைக்குத் திறந்தா யாருக்கும் கண்ணு தெரியாமப் போயிடாது. கிளம்புங்க.”

“காரை வீட்டுல எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“என்கிட்ட கார் இருக்கு.”

இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு உறுப்பினர் என்னதான் செய்ய முடியும்? கிளம்பினார்.

பயிற்சிக் காரில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அங்கே உட்கார்ந்துதான் அக்கா ஊரின் உயிரைக் காப்பாற்றி வந்தார். இன்று ஸ்டியரிங் அக்காவின் கையில். பக்கத்து இருக்கையில் உறுப்பினர். எதிரே லாரி வந்தபோதெல்லாம் கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது.

“தம்பி, காலைத் தூக்குங்க.”

“பயத்துல தானாப் போகுது அக்கா.”

“பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க. நாலாவது தடவைலதான் லைசென்ஸ் கிடைச்சுது.”

பின் இருக்கையில் நகல் சிரித்தார். உறுப்பினர் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். நாலாவது லாரிக்குப் பிறகு, உறுப்பினர் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் கார் ஒழுங்காகப் போனது.

“வாசிங்கய்யா” என்றார் அக்கா நகலிடம். “என்ன மசோதான்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்.”

நகல் வாசித்தார். மொத்தம் முப்பத்தொரு பிரிவு. உறுப்பினர் அந்த மசோதாவைக் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை. பதினான்கு வந்ததும் நகல் வேகமாக வாசித்து, வேகமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

“நில்லுங்க. கீழ சின்ன எழுத்துல என்னமோ இருந்துச்சே” என்றார் அக்கா. சாலையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பார்ப்பது அவர் தொழில்.

“அது ஒண்ணுமில்லக்கா. அடிக்குறிப்பு.”

“வாசிங்க.”

நகல் பக்கத்தைப் பின்னால் திருப்பினார். “‘முதல் அமர்வில், உறுப்பினர் ஒருவரின் ஆலோசனைப்படி இப்பிரிவு சேர்க்கப்பட்டது.’ பக்கத்துல தொகுதி பேரு போட்டிருக்கு.”

“எந்தத் தொகுதி?”

“நம்ம தொகுதிதான் அக்கா.”

அக்கா கியரை மாற்றினார்.

உறுப்பினருக்கு ஞாபகம் வந்தது. பதினோரு மாதத்துக்கு முன்பு, முதல் அமர்வு. மேஜையைச் சுற்றி ஆளுக்கு ஒரு ஆலோசனை சொல்லிக்கொண்டு வந்தார்கள். இவர் முறை வந்தது. மசோதாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் தட்டு வேறு அடுத்தவரிடம் போய்க்கொண்டிருந்தது. “கல்வித் தகுதி ரொம்ப முக்கியம்ங்க” என்றார். கல்வியை எதிர்த்து யார் பேசுவார்கள்? எல்லாரும் தலையாட்டினார்கள். இவர் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். பிறகு ஊரில் பதினான்காம் பிரிவுக்கு எதிர்ப்பு என்று கேள்விப்பட்டு, நகல் ‘போராடி வருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தார். நகலின் வழக்கப்படி அது மாதாமாதம் தொடர்ந்தது.

“அக்கா, வண்டிய நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“நீங்க என்னைத் திட்டணும்ல?”

“அதுக்கு எதுக்கு நிறுத்தணும்? ஓட்டிக்கிட்டே திட்டத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா அதான் என் வேலை.”

அடுத்த பதினான்கு கிலோமீட்டருக்கு அக்கா சொன்னவற்றை அச்சில் போட முடியாது. ஒரு சுங்கச்சாவடி ஊழியர் மட்டும் பாதியைக் கேட்டுவிட்டு, சில்லறையை இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார்.

அக்கா மூச்சு வாங்கிய இடைவெளியில் நகல் மெதுவாகச் சொன்னார். “சார், விதியப் பாத்தேன். ஒரு பிரிவக் கொண்டு வந்தவரே எழுந்து ‘திரும்பப் பெறுகிறேன்’னு சொன்னா, ஓட்டெடுப்பே இல்லாம அது போயிடும். நேர்ல சொல்லணும். காரணமும் சொல்லணும். குறிப்புல ஏறும்.”

“குறிப்புல ஏறுமா? நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் எதிர்த்தேன்னு எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் அடிப்பான்யா! உடம்பு சரியில்லன்னு லெட்டர் கொடுத்தா நடக்காதா?”

“லெட்டர் செல்லாது சார்.”

அக்கா இப்போது கத்தவில்லை. “தம்பி, எழுந்து சொன்னா உங்களுக்கு மானம் போகும். சொல்லலைன்னா எனக்குத் தொழில் போகும். ரெண்டு மாசம் கழிச்சு நான் ஸ்கூல் போர்டக் கழட்டி எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

உறுப்பினர் சம்மணத்தை மாற்றிப் போட்டார்.

குழு அறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. நீள மேஜையைச் சுற்றி ஆறு உறுப்பினர்கள், ஓரத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர், சுவரோரம் பார்வையாளர் பெஞ்சு. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். வருகைப் பதிவேடு வாசிப்பது போலவே பிரிவுகளையும் வாசித்துக்கொண்டிருந்தார்.

“பிரிவு பன்னிரண்டு. யாராவது? இல்லை. நிறைவேறியது. பிரிவு பதிமூன்று. யாராவது? இல்லை. நிறைவேறியது. பிரிவு பதினான்கு. யாராவது?”

உறுப்பினர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அக்கா முறைத்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பார். அக்கா முறைக்கவில்லை. கார் சாவியை இரண்டு கைக்குள்ளும் பொத்திவைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறுப்பினர் எழுந்தார். “பிரிவு பதினான்கைத் திரும்பப் பெறுகிறேன்.”

“காரணம்?”

‘ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்’ என்று நகல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அது சட்டைப்பையில் இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

“அன்னைக்கு எல்லாரும் ஏதோ ஒண்ணு சொன்னாங்க. நானும் ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன். மசோதாவப் படிக்கல. அதனால தொழில் போற ஆளு இதோ பின்னாடி உட்கார்ந்திருக்காங்க.”

எழுத்தரின் பேனா நின்றது. “இதை இப்படியே எழுதட்டுங்களா?”

“இப்படியே எழுதுங்க” என்றார் தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பல வருஷமா இந்த நாற்காலில உட்கார்ந்து காரணம் கேக்குறேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் சொல்லியிருக்காரு. பதினான்கு நீக்கப்பட்டது.”

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் உண்மை அந்த அறைக்குப் பழக்கமில்லாத பொருள். கொஞ்சம் வெளியே வந்ததும் எல்லாரும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

பல் மருத்துவராக இருந்து உறுப்பினர் ஆனவர் தொண்டையைச் செருமினார். “தலைவரே, பயிற்சியாளர்கள் வருஷத்துக்கு மூணு தடவ பல்லைப் பரிசோதிக்கணும்னு பத்தொன்பதாம் பிரிவு... அதுவும் நான் சும்மா சொன்னதுதான்.”

“நீக்கப்பட்டது.”

“பயிற்சி வண்டியெல்லாம் ஊதா நிறம்னு சொன்னது நான்” என்றார் இன்னொருவர். “ஊதான்னா எனக்குப் பிடிக்கும். வேற ஒண்ணுமில்ல.”

“நீக்கப்பட்டது.”

இருப்பதிலேயே மூத்த பெண் உறுப்பினரும் கை தூக்கினார். “இருபத்திரெண்டு என்னுது. பக்கத்து சீட்டுலயும் பிரேக் வைக்கணும்னு. யாரோ சொன்னாங்கன்னு சொன்னேன். அதையும் எடுத்துடுங்க.”

“அய்யய்யோ, அதை எடுக்காதீங்க!” பெஞ்சிலிருந்து அக்கா எழுந்துவிட்டார்.

“பார்வையாளர்கள் பேசக் கூடாது.”

“நான் பேசல சார், கத்துறேன். அந்த பிரேக் மட்டும் இல்லைன்னா இதோ நிக்கிறாரே, இவரு பன்னெண்டு வருஷம் முன்னாடியே பஸ் ஸ்டாண்டு சுவத்துல போயிருப்பாரு. பாதி டிரைவிங் ஸ்கூல் வண்டில அது இல்ல சார். போன வருஷம் ஒரு பொண்ணு காரோட ஓடைக்குள்ள இறங்கிடுச்சு. முப்பத்தொண்ணுல உருப்படியா இருக்கிறதே அது ஒண்ணுதான்!”

காவலர் வந்து அக்காவை மரியாதையாக வெளியே அழைத்துப் போனார். கதவு மூடும் வரை “இருபத்திரெண்டு! இருபத்திரெண்டு!” என்ற குரல் கேட்டது.

தலைவர் மூத்த உறுப்பினரைப் பார்த்தார். “என்னம்மா செய்யலாம்?”

“இருக்கட்டும்” என்றார் அந்த அம்மாள். “யாரோ சொன்னாங்கன்னேன்ல. இப்ப யாருன்னு தெரிஞ்சுபோச்சு.”

உறுப்பினரும் நகலும் மூன்றரை மணிக்கு வெளியே வந்தார்கள். படியில் இறங்கும்போதே உறுப்பினர் முகத்தைச் சரிசெய்துகொண்டார். யாராவது நன்றி சொன்னால், ‘அட, இதுல என்ன இருக்கு’ என்று சொல்வதற்கான முகம் அது. கார் நிறுத்திய இடத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

போன் போட்டார். “அக்கா, எங்க இருக்கீங்க?”

“அரை மணி நேரத் தூரம் வந்துட்டேன். ஆறு மணிக்கு ஒரு பொண்ணுக்கு முதல் கிளாஸ். இருபத்திரெண்டு என்னாச்சு?”

“இருக்கு அக்கா. நிறைவேறிடுச்சு.”

“நல்லது.”

உறுப்பினர் காத்திருந்தார். அதற்குமேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

“நாங்க எப்படி அக்கா வர்றது?”

“பஸ் இருக்கு தம்பி. நாலே காலுக்கு ஒண்ணு. சரி, வைங்க. உங்க போனுக்காக வண்டிய ஓரமா நிறுத்தியிருக்கேன். நீங்க பேசப் பேச என் கிளாஸுக்கு நேரமாகுது.”

மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் வாசல் காவலாளியிடம் போய், பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.