இருளாயியின் ஷிப்ட்

விடிவதற்குள் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையின் களத்தில் ஆவி பறந்தது. அவித்த நெல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, ஜோதி வெறுங்காலால் கிளறிக்கொண்டே போனாள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் நெல் கொதித்தது. காய்த்துப்போன உள்ளங்காலுக்கே சுரீரென்றது. நின்று இருமக்கூட நேரமில்லை.

நெல் அவிக்கும் கொப்பரையின் அடிக்கதவைத் திறந்து நெல்லை வெளியே விடும் வேலை இருளாயிக்கு. ராத்திரி ஷிப்டையும் அவளேதான் பார்த்திருந்தாள்.

முன்பெல்லாம் வாரத்துக்கான ஷிப்டை மேஸ்திரி ஞாயிறன்றே சொல்லிவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெண்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆடி மாதம் முதல் எல்லாம் செல்போன். நெல் லாரி வருவதைப் பொறுத்து மெசேஜ் வரும். உடனே 'சரி' என்று அமுக்க வேண்டும். இரண்டு தடவை விட்டால் அந்த வாரமே வேலை கிடையாது. என்ன ஒரு நியாயம் பாருங்கள்! வேலை இருந்தால் முதுகு ஒடிய நில், இல்லாவிட்டால் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போ.

இருளாயியிடம் இருந்தது பட்டன் போன். அவளுக்கான மெசேஜும் ஜோதிக்குத்தான் வரும். நேற்று பஸ் நெரிசலில் தொங்கியபடி ஜோதி இருவருக்கும் சேர்த்து அமுக்கிவிட்டாள். எந்த ஷிப்ட் என்று பார்க்கவில்லை; ராத்திரி வேலையோடு இருளாயிக்குக் காலையும் சேர்ந்துவிட்டது.

திடீரென்று அலறல் கேட்டது. கதவைத் திறந்ததும் விலகவேண்டிய இருளாயி, நின்றபடியே கண்ணயர்ந்திருந்தாள். கொதிக்கும் நெல் முழங்கால்வரை மூடிவிட்டது. நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது.

அதற்குப் பிறகுதான் முதலாளி ரங்கநாதன் வந்தார்.

"தூங்குறவள யாரு வேலைக்கு வரச் சொன்னா? ஸ்ரீரங்கத்துக் கடைக்காரன் லோடு கேட்டு உசிர வாங்குறான். போங்க, வேலையப் பாருங்க."

"ராத்திரி முழுக்க நின்னவளுக்குக் காலையிலயும் ஷிப்ட் போட்டது யாருங்க?" என்றாள் ஜோதி.

"நான் போடலம்மா, சிஸ்டம் போட்டுது. அவ சரின்னு சொல்லியிருக்கா."

"சிஸ்டத்த வாங்கியாந்தது யாருங்க?"

அவர் ஆபீஸ் பக்கம் திரும்பினார். ஜோதி குறுக்கே போய் நின்றாள்.

"அக்கா சரி சொல்லல. நான்தான் அமுக்கினேன். வேலை போயிருமேங்கிற பயத்துல பாக்காம அமுக்கிட்டேன். பாவி நான்தான். ஆனா அந்தப் பயத்த எங்களுக்குக் குடுத்தது நீங்க."

"அப்ப நீயே அவளுக்குப் பதில் சொல்லிக்க. இன்னியோட அவ பேர எடுத்துட்டேன்" என்று அவர் தன் போனைத் தட்டினார்.

ஜோதியின் போன் ஒலித்தது. 'கொப்பரை. உடனே.' கீழே 'சரி'. இருளாயி மேல் கொட்டிய நெல்லையே இன்னும் அள்ளவில்லை. அதற்குள் அவள் இடத்துக்கு ஆள்! ஜோதி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்து பானுப்ரியாவின் போன். மெசேஜ் வந்தால் எல்லோருக்கும் முந்தி அமுக்குகிறவள் அவள்; அதற்காகவே மற்றவர்கள் அவளைச் சாடை பேசுவார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். போனையே வெறித்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நானும் போகலீங்க."

களத்தில் ஒவ்வொரு போனாக ஒலித்தது. யாரும் அமுக்கவில்லை.

"தொட்டியில ஊறுற நெல்லு புளிச்சிரும்டி!"

"புளிக்கட்டுங்க" என்றாள் ஜோதி. "அக்காவுக்கு வைத்தியம் பாருங்க. அவ வேலை அவளுக்கே இருக்கணும். ராத்திரி பாத்தவங்களுக்குக் காலையில ஷிப்ட் கூடாது. வாரத்து ஷிப்ட முன்கூட்டியே சொல்லுங்க. அப்பறம் நாங்க சரி சொல்றோம்."

"துறையூர் ஆளுங்கள எறக்குறேன் பாரு!"

"எறக்குங்க. நாங்க அவங்ககிட்ட பேசிக்கிறோம்."

எல்லோரும் கேட்டுக்கு வெளியே போய் வெயிலில் நின்றார்கள். தொட்டியிலிருந்து புளித்த வாடை வரத் தொடங்கியபோது வேன் வந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோதி வேனருகே போனாள். ஜன்னலோரம் இருந்தவளின் கையைத் தொட்டு எழுப்பினாள்.

"ராத்திரி எங்க வேலை பாத்தீங்கக்கா?"

"துறையூர் மில்லுல" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். "வீட்டுக்குக்கூட விடல. மெசேஜ் வந்துருச்சு. நீங்க ஏன் வெளில நிக்கிறீங்க?"

ஜோதி நடந்ததைச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளை உலுக்கினாள்.

"எந்திரிடி, இங்கயே எறங்கு."