சும்மா பாடிட்டு வா

புதுப் பயிற்சியாளர் செல்வக்குமார் வந்து சேர்வதற்கு முன்பே அவரைப் பற்றிய பேச்சு அவனியாபுரம் மைதானத்துக்கு வந்துவிட்டது. திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், இறுதிப் போட்டியை விலைபேசி விட்டுக்கொடுத்தவர் என்று அணியில் ஆடும் பாண்டீஸ்வரி எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள். அணித் தலைவி ரோகிணிக்கு அது போதும்.

முதல் நாள் அவர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னபோதே, இந்தப் பணிவு எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. அதிகம் பேசமாட்டார், எதையோ மறைக்கிறார் என்று நினைத்தாள். போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசுவார், சந்தேகம் கெட்டிப்பட்டது. பரவையில் நடந்த கபடித் தொடரின் இறுதிப் போட்டி தொடங்குமுன், எதிரணிப் பயிற்சியாளரோடு டீக்கடையில் அவர் சிரித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள்.

"பாத்தியாடி?" என்றாள் பாண்டீஸ்வரி.

"பாத்தேன். இன்னைக்கு அவரு பேச்சைக் கேக்கப் போறதில்ல."

ஆட்டம் முடியும் தறுவாயில் இவர்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியில் மூன்றே பேர் மிச்சம். கடைசியாக எதிரணிக் கட்டத்துக்குள் பாடப்போக வேண்டியவள் ரோகிணி.

செல்வக்குமார் கோட்டோரம் குனிந்து சொன்னார்: "யாரையும் தொடாத. சும்மா பாடிட்டு வா, நேரம் ஓடிரும்."

புள்ளி எடுக்காதே என்கிறார். அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. உள்ளே போனதும் மூலையில் நின்றவளைத் தொடக் காலை வீசினாள். அந்தக் காலையே அந்தப் பெண் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் மேலே விழுந்தார்கள். மூன்று பேரே மிச்சமிருக்கும் அணி பாடி வந்தவளைப் பிடித்தால் அந்த அணிக்கு இரண்டு புள்ளி. பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த விதி, மண்ணில் கிடந்தபோதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. விசில் ஊதிவிட்டார்கள்; ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

திரும்பும் வேனில் செல்வக்குமார் இல்லை. பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். கிளப் செயலாளர் சோணை, "வித்துட்டான்ல. நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

ரோகிணி வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அவரு தொடாதன்னுதான் சொன்னாரு அண்ணே. நாந்தான் மீறுனேன்."

"ஒன்னையும் பேசி மடக்கிட்டானா?"

பாண்டீஸ்வரிகூட அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரோகிணிக்கு முகம் சுட்டது. அதற்குமேல் என்ன சொன்னாலும் எடுபடாது என்று புரிந்தது.

அந்த வாரமே செல்வக்குமாரை நிறுத்திவிட்டார்கள். தன் கிட் பையை எடுத்துப்போக வந்தவரிடம் ரோகிணி போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்க சார். திண்டுக்கல்ல நடந்ததாச் சொல்றாகளே, அது நெசமா?"

"இல்லைன்னா நம்பிருவியா?"

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சில மாதம் கழித்துத் தேனியிலிருந்து பவதாரிணி என்ற கபடி ஆட்டக்காரி போன் செய்தாள். "அக்கா, எங்களுக்குப் புதுசா செல்வக்குமாருன்னு ஒரு கோச் வாராரு. ஏதேதோ சொல்றாங்க. ஆளு எப்படி?"

ரோகிணி சொன்னாள்:

"அவரு சொன்னதை நான் கேக்கல, அதனால தோத்தோம். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."