தண்ணீர் குடிக்கப் போன பதினேழாம் எண்

குற்றாலிங்கம் தண்ணீர் குடிக்கப் போய் ஐம்பத்துநான்கு வருடம் ஆகிவிட்டது என்று உயர்நிலைப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பதினோராம் வகுப்பு ஆ பிரிவு. வருகை எண் பதினேழு. தமிழ்ப் பாடவேளை. போனவர் இன்னும் திரும்பவில்லை. வகுப்பு காத்திருக்கிறது.

அவர் இரண்டு முறை படித்தார். கடிதத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி கேட்டுப் போனது உண்மை. திரும்பாததும் உண்மை. இடையில் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, வடிவைக் கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வும் பெற்றுவிட்டார். எல்லாம் அந்த ஒரே அனுமதியில்தான் நடந்தது.

அடியில் இன்னொரு வரி இருந்தது. இன்று கடைசி மணி அடிப்பதற்குள் விட்ட இடத்திலிருந்து செய்யுளை வாசிக்க வேண்டும். தவறினால், தமிழில் முதலிடம் பெற்றவர்கள் பலகையிலிருந்து அவருடைய தாத்தா பெயரும் அப்பா பெயரும் சுரண்டி எடுக்கப்படும். பெயின்டர் வந்துவிட்டார், மணிக்குள் முடிப்பதற்காக இப்போதே சுரண்டத் தொடங்குவார்.

அவர் குடும்பமான மேலவீட்டார் எதையும் பாதியில் விட்டவர்கள் அல்ல. பந்தியில் பாதியில் எழுந்ததில்லை. வழக்கில் பாதியில் சமாதானம் போனதில்லை. குற்றாலிங்கம் சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார்.

"எங்க கெளம்பிட்டீய?" என்றாள் வடிவு.

"தமிழ் வகுப்புக்கு."

"அந்த வளையல் பாட்டா?"

"அது தலைவி கூற்று."

"அதத்தான் கேக்கேன். இன்னைக்காவது வாசிச்சிருவீயளா?"

அவர் செருப்பை மாட்டினார். வடிவு ஒரு செம்பில் தண்ணீர் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அனுமதி பள்ளிக்கூடக் குழாய்க்கு வாங்கினது" என்றார்.

கல்யாணமான நாள் முதல் இதே பதில்தான். அவர் காபி குடிப்பார், மோர் குடிப்பார், ரசம் குடிப்பார். தண்ணீர் குடித்ததில்லை. செய்யாத காரியத்தைச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனவனுக்குத் தண்ணீர் எப்படி இறங்கும்?

நடந்தது இதுதான். தமிழய்யா வகுப்பில் செய்யுளை வருகை எண்படி எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அன்றைக்குப் பதினாறாம் எண் தோழி. பதினெட்டாம் எண் சவரிமுத்து, அவன் தலைவன். நடுவில் குற்றாலிங்கம், தலைவி. முதலடியை வாசித்துவிட்டான். இரண்டாம் அடியில் வளையல் வந்தது. தாத்தாவும் அப்பாவும் பலகையில் இருக்க, மேலவீட்டுப் பையன் நாற்பது பேர் முன்னால் என் கைவளை நெகிழ்ந்தது என்று சொல்வதா? தொண்டை வறண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பள்ளிக்குள் நுழைந்தார். அந்த நாளில் தாழ்வாரத்தில் நான்கு அறைகள்தான் இருந்தன. இப்போது அது நீண்டிருந்தது. வருடத்துக்கு ஓர் அறை சேர்ந்திருந்தது. அவர் நடந்தார்.

ஒவ்வோர் அறையிலும் அவரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முதல் அறையில் 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று எழுதினார். அடுத்த அறையில் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று எழுதினார். ஒன்பது அறைகள் தாண்டியும் மேற்படி பொருள் என்னவென்று தெரியவில்லை.

பத்தாம் அறையில் அவர் மீசை கறுப்பாக இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் போன வடிவுக்கு இன்லாண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 'நலம். நலமறிய ஆவல். இங்கு மழை இல்லை.' அதற்கு மேல் பேனா நகரவில்லை. குற்றாலிங்கம் ஜன்னலில் நின்று பார்த்தார். வாரத்துக்கு ஆறு பாடவேளை தமிழ் படித்தவன். மலைக்கு எட்டுப் பெயர் தெரியும். யானைக்குப் பதினொன்று தெரியும். வீட்டுக்காரிக்கு எழுத நாலாவது வரி தெரியவில்லை.

வகுப்பு வாசலில் பியூன் இசக்கி முக்காலியில் இருந்தார். மடியில் மணிச் சுத்தியல்.

"சீட்டு?"

"எதுக்கு?"

"தண்ணி குடிச்சதுக்கு."

"குடிக்கல."

"அப்பம் உள்ள போலாம். குடிச்சிருந்தாத்தான் சீட்டு."

உள்ளே எல்லாருக்கும் பதினாறு வயது. அவர் இடம் காலியாக இருந்தது. மைப்புட்டி மூடாமல் இருந்தது, மை காயவில்லை. தமிழய்யா சாக்பீஸைக் கீழே வைக்காமல் திரும்பினார்.

"ஏல, கொழாய் எங்க இருக்கு, குத்தாலத்துலயா?"

"மன்னிக்கணும் ஐயா."

மேலவீட்டில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. வெளியே ஏணிமேல் சுரண்டும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

சவரிமுத்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். செய்யுளின் முதலடியில் தலைவன்மேல் தொடங்கிய மழை. அடுத்த அடியை யாரும் வாசிக்காததால் நிற்கவில்லை.

"வெரசா வாசில" என்றான். "நீ முடிச்சாத்தான் நான் பாட்டுக்குள்ள வர முடியும். சட்டையெல்லாம் பாசி பிடிச்சிட்டு."

குற்றாலிங்கம் எழுந்து நின்றார். புத்தகத்தைப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

"பார்வையில் காணும் மழை தொடர்பாக, எனது கைவளைகள் நெகிழ்ந்த விவரம் பணிந்து தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

"நகல் யாருக்குல?" என்றார் தமிழய்யா. "தோழிக்கா, தாசில்தாருக்கா?"

வகுப்பு சிரித்தது. ஐம்பத்துநான்கு வருடத்துக்கு முன்பு எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓடினாரோ அதே சிரிப்பு. கேட்டுப் பார்த்தார். அப்படியொன்றும் பெரிய சிரிப்பாக இல்லை. ஒரு சிட்டுக்குருவி கூட ஜன்னலை விட்டுப் பறக்கவில்லை.

வெளியே பெயின்டர் அப்பா பெயரில் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டிருந்தார். இசக்கி சுத்தியலோடு எழுந்தார்.

குற்றாலிங்கம் முதுகை நிமிர்த்தினார். மேலவீட்டார் கோயிலில் முதல் மரியாதை வாங்கும்போது நிற்பதுபோல் நின்றார். பிறகு வாசித்தார்.

"மாமழை பொழிந்த மலைவழி நோக்கி
என்கை வளைகள் நெகிழ்ந்தன, தோழி!
வருவேன் என்றவர் வரும்வழி நனைந்தால்
நனைக, என்கண் நனைவதின் குறைவே."

அவர் மணிக்கட்டிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்கள் கழன்று விழுந்தன. பெஞ்சுக்கு அடியில் உருண்டு ஓடின. யாரும் சிரிக்கவில்லை. பதினாறாம் எண் குனிந்து எடுத்தான். அது தோழியின் வேலை.

"உடையல" என்றான்.

குற்றாலிங்கம் யாரும் கேட்காமலே மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை இன்னும் சத்தமாக வாசித்தார். 'நனைக' என்ற இடத்தில் கையை வேறு நீட்டினார். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு வாத்தியார் வந்து கதவோரம் நின்று கேட்டார்.

"போதும்ல, நான் வரணும்" என்றான் சவரிமுத்து.

அவன் தன் அடிகளை வாசித்தான். மழை நின்றது. சட்டை அங்கேயே காய்ந்தது.

"என்னல வெளங்குச்சு?" என்று தமிழய்யா கேட்டார்.

"எங்க வீட்டுல இத யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல ஐயா."

"இப்பம் சொல்லியாச்சு. போயித் தண்ணி குடி."

திரும்பும் வழியில் பத்தாம் அறை ஜன்னலில் நின்றார். கறுப்பு மீசை இன்னும் பேனாவைப் பிடித்தபடி இருந்தது.

"எழுது" என்றார். "என் கைவளை நெகிழ்ந்தது."

"வளையா?"

"எழுதுல!"

அவன் எழுதி, மடித்து, எச்சில் தொட்டு ஒட்டினான்.

குழாய் தாழ்வாரத்தின் கோடியில், பலகைக்கு அடியில் இருந்தது. குற்றாலிங்கம் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். வயிறு நிறைந்தது. பிறகும் குடித்தார். சட்டை நனைந்தது. நனைக என்று விட்டுவிட்டார். கடைசி மணி அடித்தது. அதன் பிறகும் கொஞ்சம் குடித்தார்.

நிமிர்ந்தபோது தாத்தா பெயர் இருந்தது. அப்பா பெயரும், எடுத்த இரண்டு எழுத்தும் திரும்ப எழுதப்பட்டு, முழுசாக இருந்தது. அதன் கீழே ஈரப் பெயின்ட்டில் இன்னொரு பெயர்.

ச. குற்றாலிங்கம், தலைவி.

பெயின்டர் ஏணியில் பாதி இறங்கி நின்றார். "ஹெட்மாஸ்டர் இப்படித்தான் எழுதச் சொன்னாரு. தப்புன்னா சொல்லுங்கய்யா, அழிச்சிருதேன்."

குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பள்ளிக்கூட கேட்டில் வடிவு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு பழைய இன்லாண்டு கடிதம். அதை ஆட்டிக்கொண்டே வந்தாள். சிரிப்பு தூரத்திலேயே தெரிந்தது.

"அழிக்கவா?" என்றார் பெயின்டர்.

"அழிச்சா கைய ஒடிச்சிருவேன்" என்றார் குற்றாலிங்கம். "எழுத்துதான் சின்னதா இருக்கு. பெரிசாப் போடும். வாரவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."